கஸ்பாருக்கு ஒரு வினைச்சொல்

சிப்பித்துறை அரசு உயர்நிலைப் பள்ளியில், ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில், பத்தாம் வகுப்பு ரெக்சலின் போர்டில் ஆங்கிலத்தில் ‘மை ஃபாதர்’ என்று எழுதிவிட்டு அதற்கு மேல் கை ஓடாமல் நின்றபோது, இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் கடலுக்குப் போய்த் திரும்பாத அவளுடைய அப்பா கஸ்பார், பள்ளிக்கூட மைதானத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், மடித்துக் கட்டிய சாரமும் பனியனுமாகச் சொட்டச் சொட்ட நனைந்து நின்றார்.

யாரும் அலறவில்லை. கடலுக்குப் போனவர்கள் நேரங்கழித்து வருவது அந்த ஊருக்குப் பழக்கம்தான், இவர் கொஞ்சம் கூடுதலாகவே நேரம் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். முதலில் பார்த்தது சத்துணவு சமைக்கும் பிலோமி. அரிசி கழுவ வந்தவள், “வந்துட்டியளாண்ணே? ஏன் நனைஞ்சிட்டு நிக்கிய?” என்று கேட்டு, பதில் வராததால் பசி மயக்கமாக இருக்கும் என்று தட்டில் சோறும் முட்டையும் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை, வேண்டாமென்று தலையாட்டவுமில்லை, கண்ணை இமைக்கவுமில்லை. தலையிலிருந்து வடிந்த தண்ணீர் மட்டும் நிற்காமல் வடிந்துகொண்டிருந்தது. பிலோமி அதில் விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தாள். உப்புக் கரித்தது. அவருடைய வலது உள்ளங்கையில் ஒரு கயிறு இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது, அது கையிலிருந்து ஒரு சாண் தொங்கி, அதற்கப்புறம் இல்லை. அறுந்த கயிற்றுக்குப் பிசிறு இருக்கும், இதற்கு அதுவும் இல்லை, பாதிக் கயிறு கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்ட மாதிரி அங்கேயே நின்றுவிட்டது.

வகுப்பில் நடந்தது இதுதான். சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்து வேலை பார்க்கும் பூங்கோதை டீச்சர், பொதுத்தேர்வு வருஷமாயிற்றே என்று வாக்கிய அமைப்பைத் திரும்ப நடத்திக்கொண்டிருந்தார். முதலில் ஆள், அடுத்து அவன் செய்யும் வேலை, அதற்கப்புறம் வேலை எதன்மேல் விழுகிறதோ அது. எஸ், வி, ஓ. இந்த மூன்று நாற்காலியில் ஆளை உட்காரவைக்கத் தெரிந்தால் பாதி இங்கிலீஷ் வந்துவிட்டது என்று சொல்லி, ஒவ்வொருத்தியாகப் போர்டுக்குக் கூப்பிட்டார். ரெக்சலினுக்கு முந்தி போன ஜெனிட்டா, ‘தி க்ரோ பிராட் எ ஸ்டிக்’, காகம் ஒரு குச்சியைக் கொண்டுவந்தது, என்று எழுதினாள். அவள் எழுத எழுத ஒரு காகம் நிஜமாகவே ஜன்னல் கட்டையில் வந்து உட்கார்ந்து வாயிலிருந்த வேப்பங்குச்சியைக் கீழே வைத்தது. அவள் கடைசிப் புள்ளியை வைத்தாள், காகம் இல்லை. பறந்து போகவில்லை, இல்லாமல் போனது. குச்சி மட்டும் கிடந்தது. எதிலும் புதுமை காணாத அந்த வகுப்பு அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து ரெக்சலின். ஆளை எழுதியாயிற்று, இனி வேலையை எழுத வேண்டும். அங்கேதான் கை நின்றது. வீட்டில் அம்மா வியாகுலம் இன்றைக்கும், “அப்பாவுக்குக் காரம் ஆகாதுளா, மொளகா கொறைச்சுப் போடு” என்பாள். தெருவில் மற்றவர்கள், “ஒங்கப்பா நல்ல மனுசனா இருந்தாரு” என்று தொடங்கிப் பாதியில் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். உடல் கிடைக்காததால் கோயிலில் துக்க மணி அடிக்கவில்லை, கல்லறையில் குழி வெட்டவில்லை. அப்பா போகிறாரா, போனாரா என்று வீட்டுக்குள்ளேயே முடிவாகாத விஷயத்தை அவள் எப்படிப் போர்டில் முடிப்பாள்? அதோடு அவளிடம் யாருக்கும் சொல்லாத ஒன்று வேறு இருந்தது. சிப்பித்துறையில் கடலுக்கு இறங்குகிற ஆளைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, கூப்பிட்டாலும் அவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. அன்றைக்குக் காலையில் அப்பா தீப்பெட்டியை மறந்துவிட்டுப் போனார் என்று அவள் மணலில் ஓடி, “அப்பா!” என்று கூப்பிட்டுவிட்டாள். அவர் திரும்பவில்லை. நனைந்து போகாமல் அந்தத் தீப்பெட்டி இன்னும் அவள் பெட்டியில் இருந்தது. தன்னால்தான் போனார் என்று அவள் நம்பினாள்.

வியாகுலம் மீன் கூடையை நடுத்தெருவில் போட்டுவிட்டு ஓடிவந்தாள். புருஷனைக் கட்டிப் பிடித்தாள், திட்டினாள், முந்தானையால் தலையைத் துவட்டினாள், துவட்டத் துவட்ட அவர் நனைந்துகொண்டே இருந்தார். அவள் ரெக்சலினைப் பார்த்து, “என்னளா செஞ்ச?” என்றாள்.

“அப்பான்னு எழுதுனேம்மா. மிச்சம் எழுத வரல.”

“அப்ப எழுதி முடியேன், நடந்து வீட்டுக்கு வரட்டும்!”

பூங்கோதை டீச்சர்தான் ஓடிவந்து வியாகுலத்தின் கையைப் பிடித்தார். டீச்சரின் இன்னொரு கையில் காகம் விட்டுப்போன குச்சி இருந்தது. அப்போதுதான் அவருக்கு அது உறைத்திருந்தது. “அவசரப்படாதீங்கம்மா. புள்ளி வச்சதும் காக்கா போயிருச்சு, கொண்டாந்த குச்சிதான் மிஞ்சுச்சு. ஒரு வாக்கியம் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரந்தான் அவர் இருப்பார்” என்றார்.

அன்றிலிருந்து ஊர் ஒரு வாக்கியத்துக்காக அல்லாடத் தொடங்கியது. வேறு ஏதாவது எழுதிப் பார்க்கலாம் என்றால் போர்டு ஒத்துக்கொள்ளவில்லை. எண்ணெய் தடவிய சட்டி மாதிரி சாக்பீஸ் வழுக்கியது. ‘தி ஸீ பிராட் மை ஃபாதர்’ என்று கடலையே ஆளாக வைக்கப் பார்த்த தலைமையாசிரியருக்கு ஒரு கோடுகூட விழவில்லை. தொடங்கியதை முடிக்காமல் அடுத்ததைத் தொடங்க விடமாட்டேன் என்று அது அடம்பிடித்தது. மற்றவர்கள் முடிக்கலாம் என்றாலும் விடவில்லை, ரெக்சலின் கைக்கு மட்டும்தான் அந்த வரியில் வெள்ளை விழுந்தது. தலைமையாசிரியர் பத்தாம் வகுப்பை ஆய்வுக்கூடத்துக்கு மாற்றினார், போர்டுக்கு மேல் தார்ப்பாய் கட்டினார், மேலதிகாரிகள் வந்தால் என்ன சொல்வது என்று யோசித்து, கஸ்பாருக்குப் பக்கத்தில் ‘குழாய் பழுது’ என்று ஒரு அட்டையை மாட்டிவிட்டு நிம்மதியானார். வெயிலுக்கு ஆளுக்கொரு குடை கொண்டுவந்து பிடித்தார்கள். ஜெபமாலை சொன்னார்கள். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் அவரிடம் வீட்டு விஷயங்களை ஒப்பித்துவிட்டுப் போனார்கள், அவர் இடைமறிக்காமல் கேட்பது அவர்களுக்குப் பிடித்திருந்தது. முகத்தைக் கோயில் பக்கம் திருப்பி நிறுத்தினால், மறுநாள் பார்க்கும்போது கடலைப் பார்த்து நின்றார்.

மீன் ஏலக் கூடத்தில் எஸ், வி, ஓ புழங்கத் தொடங்கியது. கணவாயைக் கூறுபோட்டுக்கொண்டே, “ஆளு, வேலை, பொருளு” என்று கிழவிகள் சொல்லிப் பார்த்தார்கள். “நம்ம பேச்சுன்னா வேலையக் கடைசி வரைக்கும் தள்ளிப்போடலாம். வெள்ளைக்காரன் என்னடான்னா ஆளச் சொன்ன கையோட வேலையச் சொல்லுங்கான். மூச்சு விட நேரமில்ல” என்று பிலோமி அலுத்துக்கொண்டாள். பங்குச் சாமியார் ‘மை ஃபாதர் ஸ்லீப்ஸ்’ என்று எழுதினால் ஆன்மா இளைப்பாறும் என்றார், வியாகுலம் அவரை முறைத்த முறைப்பில் அவர் வெகுநாள் அந்தப் பக்கம் வரவில்லை. யாரோ ‘லிவ்ஸ்’ என்று போட்டால் என்ன என்றார்கள். “வாழ்கிறார்னு போட்டாலும் புள்ளி வரைக்குந்தான்” என்றார் டீச்சர்.

“அப்ப புள்ளிய வைக்காம விட்டுருங்க” என்றாள் வியாகுலம். “வாக்கியமே வேண்டாம். இப்படியே நிக்கட்டும். நான் தொவட்டிக்கிட்டுக் கெடக்கேன்.”

எல்லோருக்கும் அது சரியென்றே பட்டது. அன்று சாயங்காலம் மரியசெல்லம் வந்தாள்.

கஸ்பாரோடு அந்த வள்ளத்தில் போனது ஒரே ஒரு ஆள், மரியசெல்லத்தின் மகன் ராயப்பன். மீசை அரும்பிய பயல். போனவர்கள் வராத நாளிலிருந்து அவளும் வியாகுலமும் கடற்கரையில் ஒரே பாயில் உட்கார்ந்து காத்திருந்தவர்கள், ஒரே பானையில் பொங்கித் தின்றவர்கள். மரியசெல்லம் கஸ்பாரின் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக அவர் கையைப் பார்த்தாள். சிப்பித்துறையில் காற்று மாறி வள்ளம் கவிழப் போகிறது என்று தெரிந்தால், சுக்கான் பிடிக்கிறவர் வள்ளத்தில் சின்னவன் யாரோ அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுநுனியைத் தன் உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வார். கரையை மிதிக்கும்வரை அந்தச் சுற்றை அவிழ்க்கக் கூடாது. எல்லோரும் நங்கூரக் கயிறு என்று நினைத்திருந்ததை அவள் ஒருத்தி அடையாளம் கண்டாள்.

“வியாகுலம், இந்தக் கயித்துக்கு அந்தப் பக்கம் எம் புள்ள இருக்கான்ளா.”

வியாகுலம் குடையை மடக்கினாள். “தெரியும்க்கா. மொத நாளே தெரியும்.”

“தெரிஞ்சா ஏன் சொல்லல?”

“சொன்னா ஓம் மவன் பேர எழுதச் சொல்லுவ. அவன் குச்சி மாதிரி மிஞ்சுவான். எம் வீட்டு ஆளு காக்கா மாதிரி போயிருவாக.”

மரியசெல்லம் மண்ணில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொள்ளாமல், சத்தம் போடாமல் அழுதாள். அதைப் பார்க்க ரெக்சலினுக்குத் தாங்கவில்லை. ஊர் அப்போதே இரண்டாகப் பிரிந்துவிட்டது. போன மனுசன் போய்த்தான் சேரணும், கயிற்றில் இருக்கிற பையனையாவது எடுங்கள் என்று ஒரு பாதி. அவள் புருஷனை அவளிடமே பிடுங்கக் கேட்பதற்கு உங்களுக்கு வாய் கூசவில்லையா என்று ஒரு பாதி. ஏலக் கூடத்தில் பேச்சு நின்றது. வியாகுலத்தின் கூடையில் மீன் விற்காமல் கிடந்தது. ரெக்சலின் நடந்தால் அவள் வலது கையையே எல்லோரும் பார்த்தார்கள். மரியசெல்லம் தினமும் வகுப்பறை வாசலில் வந்து உட்கார்ந்தாள், ஒன்றும் கேட்கமாட்டாள், ரெக்சலின் கடந்து போகும்போது மட்டும் நிமிர்ந்து பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்து அவள் பின்வாசல் வழியாகப் போகத் தொடங்கினாள்.

பிறகு வாடைக் காற்று தொடங்கியது. ஜன்னல்களைச் சாத்தினாலும், சாக்கு அடைத்தாலும், ஈரம் உள்ளே வந்து போர்டில் பூத்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் முதல் எழுத்தின் ஒரு கால் கரைந்து ஒழுகியது. மைதானத்தில் குடை பிடித்திருந்த பெண்கள் வீறிட்டார்கள். கஸ்பாரின் இடது காலை ஊடுருவிப் பின்னாலிருந்த குழாயடிப் பாசி தெரிந்தது.

தலைமையாசிரியர் போர்டைப் பார்த்துவிட்டு, “பள்ளிக்கூடம் விடுற வரைக்கும் தாங்காது. இப்ப முடிக்கலன்னா வாக்கியமும் இல்ல, ஆளும் இல்ல, அந்தப் பையனும் இல்ல” என்றார். ஊர் முழுக்க மைதானத்தில் கூடிவிட்டது. காற்று தார்ப்பாயைப் பிடித்து அடித்தது. ரெக்சலின் சாக்பீஸோடு வெளியே வந்து அம்மாவிடம் போனாள். 

“யம்மா, நீ சொல்லு. வீட்டுக்கு வந்தாருன்னு எழுதச் சொன்னா எழுதிர்றேன். ஒரு நிமிசமாவது நம்ம வாசல்ல நிப்பாரு. நீ சொல்றதத்தான் எழுதுவேன்.”

வியாகுலம் முந்தானையால் கஸ்பாரின் நெற்றியைத் துடைத்தாள், அது மறுபடி நனைந்தது. “யாரும் இல்லாதப்ப ஒரு நாள் இவுக வெரல ஒண்ணொண்ணா விரிச்சுப் பாத்தேன் மக்கா” என்றாள். “கயித்த எடுத்துட்டா எங்கூட வந்துருவாகன்னு. நெகத்துல ரத்தம் வர்ற மட்டும் இழுத்தேன், எந் நெகத்துல. ஒரு வெரல்கூட வரல. ரெண்டு வருசம் தண்ணிக்குள்ள விடாத ஆளு, நான் சொன்னா விட்ருவாகளா?” அவள் அந்த உள்ளங்கையின் கயிற்றைத் தொட்டாள். “விடாத ஆள விடச் சொல்லி எழுத வச்சேன்னா, வீட்டுக்கு வாறது அவுக இல்லளா. வேற யாரோ.”

மரியசெல்லம் வாசலில் எழுந்து நின்றாள். வியாகுலம் அவள் பக்கம் திரும்பவில்லை. “போ. எழுது” என்று மட்டும் மகளிடம் சொன்னாள்.

ரெக்சலின் போர்டின் முன் நின்று, காகத்துக்கு எழுதிய அதே வேலையை, ‘பிராட்’, கொண்டுவந்தார், என்று ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினாள். மைதானத்தில் கஸ்பார் அசைந்தார். கூட்டம் ஒரே ஆளாக மூச்சை இழுத்தது. அவர் இடது கையைக் கொண்டுவந்து கயிற்றைப் பற்றினார், இழுத்தார், மாற்றிப் பிடித்தார், இழுத்தார்; இல்லாத இடத்திலிருந்து ஈரக் கயிறு பாகம் பாகமாக வந்து அவர் காலடியில் சுருண்டது; வலை இழுத்துப் பழகிய ஆண்கள் அத்தனை பேருக்கும் அந்தக் கனம் தோளில் தெரிந்தது; இத்தனை நாளும் அசையாமல் நின்றவரின் கழுத்து நரம்பு புடைத்தது, பாதி கரைந்த இடது கால் மண்ணில் வழுக்கி வழுக்கி ஊன்றியது, யாராவது ஒரு கை கொடுக்கலாம் என்று பாய்ந்தவர்களின் கையில் கயிறு அகப்படவில்லை, அது அவருக்கு மட்டுமே கயிறாக இருந்தது. ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே ரெக்சலின், கண்ணீரில் எழுத்து கலங்க, ‘ராயப்பன்’ என்று எழுதினாள்.

கயிற்றின் நுனியில் ராயப்பன் வந்தான். இடுப்பில் கட்டோடு, கடலுக்குப் போன அன்றைக்கு இருந்த அதே அரும்பு மீசையோடு, நீர் வடியக் குழாயடியில் நின்றான். மரியசெல்லம் ஓடி அவனை வாரிக்கொண்டாள். நெஞ்சில் காதை வைத்தவள் அலறினாள்.

“மூச்சு இல்லளா! எம் புள்ளைக்கு மூச்சு இல்ல! வாக்கியம் முடிஞ்சாத்தான் வரும், புள்ளிய வையி தாயி, ஒன் காலப் புடிக்கேன், புள்ளிய வையி!”

ரெக்சலினின் சாக்பீஸ் போர்டுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. அதை வைத்துவிட்டால் ராயப்பனுக்கு மூச்சு வரும். அதை வைத்துவிட்டால் அப்பா இல்லை. வெளியே கஸ்பார் உள்ளங்கையின் இரண்டு சுற்றையும் அவிழ்த்தார், கயிற்றைச் சுருளின் மேல் போட்டார், கொண்டுவந்ததைக் கரை சேர்த்த ஆள் செய்கிற மாதிரி கைகளை ஒரு தரம் சாரத்தில் துடைத்துக்கொண்டார். பிறகு பள்ளிக்கூட வாசலைப் பார்த்து, கடலைப் பார்த்து நடந்தார். வியாகுலம் கூப்பிடவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள், ஊரே அப்படித்தான் நின்றது, கடலுக்குப் போகிற ஆளைப் பின்னாலிருந்து யாரும் கூப்பிடக் கூடாது.

அதே முதுகு. அன்றைக்கு மணலில் பார்த்த அதே முதுகு.

“அப்பா!” என்று ரெக்சலின் கத்தினாள்.

கஸ்பார் நின்றார். அவருக்கென்று அந்தப் போர்டில் எழுதியிருந்தது ஒரே ஒரு வேலை, அதையும் அவர் செய்து முடித்தாகிவிட்டது. திரும்பிப் பார்க்கச் சொல்லி யாரும் எதுவும் எழுதவில்லை. ஆனாலும் அவர் திரும்பினார். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் சாக்பீஸும் கையுமாக நின்ற மகளை, எவ்வளவு வளர்ந்துவிட்டாள் என்பது போல, தலையிலிருந்து கால் வரை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் கொஞ்சமும் இல்லை.

ரெக்சலின் புள்ளியை வைத்தாள்.

ராயப்பன் இருமினான். வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் கடல் தண்ணீரைக் கக்கிவிட்டு, அம்மாவின் மடியில் கிடந்தபடி, “கஸ்பாரண்ணே எங்க?” என்றுதான் முதலில் கேட்டான். வாசலுக்குப் போகும் பாதையில் ஈரக் காலடிகள் இருந்தன, பாதி தூரத்தில் நின்றிருந்தன.

வியாகுலம் குனிந்து கயிற்றை எடுத்தாள். அது முழுக்க நனைந்து கனத்தது. நுனிக்குப் பக்கத்தில், இரண்டு சுற்று இருந்த இடத்தில் மட்டும், ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்து வெதுவெதுப்பாக இருந்தது. அந்த இடத்தைத் தன் கையால் மூடிப் பிடித்துக்கொண்டாள். வகுப்பிலிருந்து ஓடிவந்த ரெக்சலினின் கையையும் எடுத்து அதன் மேல் வைத்தாள்.

“கோயிலுக்குப் போய் மணி அடிக்கச் சொல்லு மக்கா” என்றாள். “ஒங்கப்பா கரைக்கு வந்துட்டாகன்னு சொல்லு.”